கரைக்காரன் பாடிய மேடு

எங்கள் ஊரின் கல்லறைத் தோட்டம் இதுவரை இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. முதல் முறை மாறியபோது புது இடத்தைக் காட்டியவள் என் மனைவி நெமேசியா. பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த இடத்தையும் ஆறு எடுத்துக்கொண்டது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத் தாண்டி வேறெதுவும் முதலில் வர மறுக்கிறது.

போன செப்டம்பரில் இறந்தாள். ஐம்பத்தாறு வயது. அவள் செய்த வேலை நாணல் வெட்டுவது. தீவுகளில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்து நிற்கும் காட்டு நாணலை வெட்டி, கட்டுக் கட்டாகப் படகில் ஏற்றி, இக்கித்தோஸ் நகரத்துக்கு அனுப்புவாள். வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் அது போகும். இடது முன்னங்கையில் நாணல் இலை அறுத்த தழும்புகள் மீன் செதிள் மாதிரி வரிசையாக இருக்கும். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நான் நகரத்தில் கல்லூரி முடித்து இந்த ஊர்ப் பள்ளிக்கு வாத்தியாராக வந்தவன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டாள். பாதி மரியாதை, பாதி கேலி. எந்த நேரத்தில் எது என்று கடைசிவரை எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

அவள் பிறந்தது எங்கள் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் இருந்த ஒரு தீவில். அந்தத் தீவு இப்போது இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் வெள்ளம் வீட்டுப் பரண் வரை ஏறும். கோழிகளையும் வாழைக்கன்றுகளையும் படகில் ஏற்றிக்கொண்டு குடும்பமே கரைக்கு வந்துவிடும். ஜூனில் திரும்பிப் போகும்போது தீவு போன ஆண்டு இருந்த இடத்தில் இருக்காது. மேல்முனை கரைந்திருக்கும், கீழ்முனையில் புது மண் சேர்ந்திருக்கும். இதை அவள் சொன்னபோது நான் ஆச்சரியப்பட்டேன். அவளுக்கு என் ஆச்சரியம்தான் ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணமான முதல் ஆண்டு, ஆற்றில் தண்ணீர் மிகவும் இறங்கியிருந்த ஒரு காலையில், தீவுக்கும் கரைக்கும் நடுவே ஒடுங்கிப்போன கால்வாயில் படகை நிறுத்தி என்னைக் கேட்கச் சொன்னாள். இரண்டு பக்கப் புதரிலிருந்தும் ஒரு சின்னப் பறவையின் குரல் மாறி மாறி வந்தது. ஒரே சுருதியில் ஆரம்பித்து, படபடவென்று படிக்கட்டில் இறங்குவது மாதிரி ஓடி, நின்றுவிடும்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே பறவைதான்.”

“பதினாறு வருஷம் படிச்ச காது. கழட்டிக் கழுவித்தான் மாட்டணும் போல.”

அவள் சொன்னது இது. கரைப்பக்கம் பாடுகிறவன் தெளிவாகப் பாடுவான், மணி மாதிரி. தீவில் பாடுகிறவன் அதே பாட்டைத்தான் பாடுவான், ஆனால் தொண்டையில் கொஞ்சம் மணல் இருக்கும், வேகமும் சற்றுக் குறைவு. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஆனால் அண்ணன் தீவுக்கு வரமாட்டான், தம்பி கரைக்குப் போகமாட்டான். நடுவே ஓடுவது நான் நீந்திக் கடக்கக்கூடிய தண்ணீர்தான். என்றாலும் ஒருவன் அதைத் தாண்டி இன்னொருவன் பக்கம் போனதை அவள் பார்த்ததே இல்லை. கரைக்காரன், தீவுக்காரன் என்றுதான் அவற்றுக்கு அவள் வீட்டில் பெயர்.

சில ஆண்டுகள் கழித்து, பறவைகளைக் கணக்கெடுக்க வந்த ஒரு குழு என் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தங்கியது. போகும்போது ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் எறும்புப் பறவைகள் என்ற குடும்பத்தில், ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டும் இருந்தன. இரண்டிலும் ஆணுக்குச் சாம்பல் உடல், கறுத்த முகம், கறுத்த தொண்டை. கரைக்காரனுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் பளிச்சென்று நெற்றிவரை ஓடியது. தீவுக்காரனுக்கு அந்தப் புருவம் இல்லை, மார்பு மட்டும் வெளிறிய சாம்பல், கண் சிவப்பு. நெமேசியா புத்தகத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். எங்கள் மகள் லூஸ்தேலியா அப்போது அவள் வயிற்றில் இருந்தாள்.

“இவ்வளவு சுத்தமா எந்தப் பறவை இருக்கு? குளிப்பாட்டி வரைஞ்சிருக்காங்க” என்றாள். பிறகு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒன்று கரையோரப் புதர்களில் வாழும், மற்றது ஆற்றுத் தீவுகளில் வாழும் என்று படித்துக் காட்டினேன். புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, இதைச் சொல்லவா இத்தனை கனம் என்றாள்.

லூஸ்தேலியா நான்கு வயதில் மலேரியாவில் போனாள். ஆகஸ்ட் மாதம், வறண்ட காலம். நகரத்துக்குக் கொண்டுபோன படகு பாதி வழியில் திரும்பி வந்தது. அதைப் பற்றி இங்கே மேலே எழுதப்போவதில்லை. அவளை ஊரின் பழைய கல்லறையில், ஆற்றைப் பார்த்த மேட்டில் வைத்தோம்.

மூன்றே ஆண்டில் அந்த மேடு இடிய ஆரம்பித்தது. அது ஊருக்குப் புதிராக இருந்தது. ஊர் தோன்றியதிலிருந்து அது கரைதானே என்றார்கள். நெமேசியாவுக்குப் புதிர் இல்லை. அங்கே பாடுவது தீவுக்காரன் என்று அவள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் பிறப்பதற்கு முன் எப்போதோ ஒரு தீவு கால்வாய் தூர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்டது. மக்கள் அதைக் கரை என்று நம்பி இறந்தவர்களை அதில் வைத்தார்கள். பறவை மட்டும் மறக்கவில்லை. மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்த இளசான மண் அது. ஆறு லேசாகத் திரும்பினாலே போதும்.

புது இடம் தேட ஊர்க்கூட்டம் கூடியபோது அவள் எழுந்து நின்று இதைச் சொன்னாள். பள்ளியைத் தாண்டி ஊர் எல்லையில் இருக்கும் மேட்டில் கரைக்காரன் பாடுகிறான், அது பழைய மண், அங்கே வைக்கலாம் என்றாள். பழைய இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் படகுக்காரர் ஓல்மேதோவின் தகப்பனார். ஓல்மேதோவின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நெமேசியா. அதனால் எங்கள் வழக்கப்படி இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் அழைப்பார்கள். அந்த உறவு கேலிக்குத் தடை இல்லை; உரிமம்.

“இத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்கோம், கொமாத்ரே. செத்தவங்கள எங்க வைக்கிறதுன்னு ஒரு குருவிகிட்ட போய்க் கேக்கணுமா?”

“ஆம்பளைங்களக் கேட்டுத்தானே, கொம்பாத்ரே, முதல் எடத்தப் பிடிச்சோம்.”

கூட்டம் சிரித்தது. ஓல்மேதோவும் சிரித்தார். அவள் சொன்ன இடமே முடிவானது.

மிங்கா நாள் குறித்தார்கள். ஊரே கூடி வேலை செய்யும் நாள் அது. பெண்கள் மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்துச் செய்த மசாத்தோக் கள்ளைப் பானை பானையாகக் கொண்டுவருவார்கள். எலும்புகளை எடுத்துப் பெட்டிகளில் வைத்தார்கள். லூஸ்தேலியாவுக்கு நான் தேவதாரு மரத்தில் ஒரு சிறு பெட்டி செய்திருந்தேன். எல்லோரும் பெட்டிகளைத் தோளில் தூக்கிப் போனார்கள். நெமேசியா மட்டும் மகளின் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்பது ஆண்டுகள் அந்த மேடு நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்களின் நாளில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். லூஸ்தேலியாவின் தலைமாட்டில் ஒரு உய்த்தோ மரம் தானாக முளைத்துப் பெரிதானது.

அதன்பின் ஆற்றின் நடுவே இருந்த வேறொரு பெரிய தீவு நீண்டு வளர்ந்தது. நீரோட்டம் மறுபக்கம் போக வழியில்லாமல் எங்கள் கரை மீது சாய்ந்தது. முதல் ஆண்டு இருபது மீட்டர் போனது. அடுத்த ஆண்டு அறுபது. நெமேசியா கரை விளிம்பிலிருந்து கல்லறை வரை பத்தடிக்கு ஒன்றாக நாணல் குச்சிகளை நட்டாள். தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து எண்ணிக்கையைச் சொல்லமாட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

பறவை நிலம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். ஆறு இனி எங்கே போகும் என்பது அதற்குத் தெரியாது. பழைய மண்ணானாலும் ஆறு நேராக மோதினால் விழத்தான் விழும். இது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது ஊரில் யாருக்கும், அவளுக்கும்கூட, தெரியவில்லை. ஓல்மேதோ ஒருநாள் துறையில் வைத்துக் கேட்டார்.

“கரைக்காரன் ஏமாத்திட்டான் போலிருக்கே, கொமாத்ரே?”

அவள் நாணல் கட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “அவன் பொய் சொல்லல. நான்தான் அவனுக்குத் தெரியாததக் கேட்டுட்டேன்.”

அதற்குப் பிறகு ஓல்மேதோ அந்தக் கேலியைத் திரும்ப எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்தார்கள். முகத்துக்கு நேரே இல்லை. கிணற்றடியில் அவள் வந்ததும் பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

மே மாதம் வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது அவள் கூட்டத்தில் எழுந்து, தண்ணீர் இறங்க ஆரம்பிப்பதற்கு முன் எல்லோரையும் எடுத்துவிட வேண்டும் என்றாள். ஏறும் தண்ணீர் கரையைத் தாங்கிப் பிடிக்கும். இறங்கும்போதுதான் ஊறிய மண் நிற்கப் பிடிப்பில்லாமல் விழும். ஊர் பாதி கேட்டது. ஆற்றை ஒட்டிய முதல் வரிசையை ஜூன் 24இல் வரும் சான் ஹுவான் திருநாளுக்கு முன் எடுப்பது, இரண்டாம் வரிசையைத் திருநாள் முடிந்து எடுப்பது என்று முடிவானது. லூஸ்தேலியா இரண்டாம் வரிசை.

முதல் மிங்கா ஜூன் நடுவில் நடந்தது. நெமேசியா மற்றவர்களுக்கு முன்னால் மண்வெட்டியோடு போய் நின்றாள். பதினான்கு பெட்டிகளைத் தேவாலயத்தில் கொண்டுபோய் வைத்தோம். நான் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பெட்டி யாருடையது என்று குழம்பக்கூடாது என்பதற்காக அந்த வேலை எனக்கு. மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்துவிட்டது. ஆட்கள் மசாத்தோவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவளிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

“இன்னும் வெளிச்சம் இருக்கு. லூஸ்தேலியாவையும் எடுத்துடலாம். நம்ம ரெண்டு பேர் போதும்.”

“வேணாம்.”

“ஏன்?”

“இந்த எடத்தக் காட்டினது நான். எம் புள்ளைய முந்திக்கிட்டுத் தூக்கிட்டுப் போனா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது? கடைசியாத்தான் எடுக்கணும், வாத்தியாரே.”

“ஆறு வரிசை பாக்குமா, நெமேசியா?”

வெட்டுக்கத்தியின் முதுகால் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளை மீறி நானே போய்த் தோண்டியிருக்கலாம். மண்வெட்டி பக்கத்திலேயே இருந்தது. என் கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள், மதியம். பெண்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடி, மஞ்சளில் கிளறிய சோற்றைக் கோழித் துண்டோடு இலையில் வைத்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சான் ஹுவானுக்கு அது இல்லாமல் முடியாது. நெமேசியா இலைகளுக்கு நார்க்கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். முதலில் நாய்கள் குரைத்தன. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. தூரத்தில் பீரங்கி போட்டதுபோல் ஒன்று. சற்று இடைவெளி விட்டு நீளமாக இன்னொன்று.

நாங்கள் ஓடிப் போனபோது உய்த்தோ மரம் இன்னும் நிமிர்ந்தே நின்றது. ஆனால் அது ஆற்றில் நின்றது. ஒரு துண்டு நிலத்தோடு, இலை அசையாமல், கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீருக்குள் போனது. இரண்டாம் வரிசையில் ஒன்பது பேர். லூஸ்தேலியா. ஓல்மேதோவின் தாயார். மற்ற ஏழு பேரின் பெயர்களும் என் பட்டியலில் இருந்தன. நெமேசியாவின் விரலில் நார்க்கயிறு சுற்றியபடியே இருந்தது. விரல் நுனி நீலம் பாரித்த பிறகுதான் நான் அதை அவிழ்த்தேன்.

மறுநாள் யாரும் ஆற்றில் குளிக்கவில்லை. சான் ஹுவான் அன்று ஆற்றில் குளிக்காமல் ஊர் இருந்தது அந்த ஒரு முறைதான். நடுப்பகலில் ஓல்மேதோ எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் இலைப் பொதி.

“ஒரு வாய் சாப்பிடுங்க, கொமாத்ரே.”

அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். நெமேசியாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலை குனிந்தபடி சொன்னாள்.

“உங்கம்மாவும் போயிட்டாங்களே, கொம்பாத்ரே.”

“போயிட்டாங்க. புள்ள தனியாப் போகல. துணைக்கு ஒரு ஆள் இருக்கு.”

அவள் அப்போதுதான் அழுதாள்.

மூன்றாவது கல்லறையை ஓடை வழியாக ஒரு மணி நேரம் உள்ளே தள்ளிச் செம்மண் மேட்டில் அமைத்தார்கள். எந்த வெள்ளமும் ஏறாத காட்டு மண். அங்கே கரைக்காரனும் இல்லை, தீவுக்காரனும் இல்லை. இம்முறை யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் கூட்டத்துக்குப் போகவில்லை.

இறந்தவர்களின் நாளில் ஊர் மெழுகுவர்த்தியோடு செம்மண் மேட்டுக்குப் போகும்போது அவள் தீவுக்குப் போனாள். எங்கள் கரையைத் தின்ற அதே பெரிய தீவுக்கு. அதன் கீழ்முனையில் அந்த ஆண்டு புதிதாக ஒரு மண்திட்டு படிந்திருந்தது. ஆறு எடுப்பதை எங்கேயாவது வைத்துத்தானே ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு. நானும் ஓல்மேதோவும் உடன் போனோம். மொட்டைச் சேறு, ஒரு புல் கூட இல்லை. சேற்றில் இரண்டு மெழுகுவர்த்திகளை நட்டோம். காற்றில் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டுகளில் கீழ்முனை இன்னும் கீழே நகர்ந்தது. ஆனால் அவள் அந்த ஆண்டு படிந்த மண்ணைத் தவறவிடவில்லை. அதில் முதலில் குத்துச்செடி வந்தது, பிறகு நாணல், நாணலுக்கு நடுவே சேட்டிகோ மரங்கள். அந்த நாணலை மட்டும் அவள் வெட்டவில்லை. அது ஊருக்கும் தெரியும். வேறு யாரும் வெட்டவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ ஆண்டு, ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் கை கழுவும்போது சொன்னாள்.

“வந்துட்டான்.”

“யாரு?”

“தீவுக்காரன். அந்த மண்ணுக்கு வந்துட்டான். ஜோடியா.”

அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன ஆண்டு தொடக்கத்தில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. நகரத்தில் மூன்று மாதம் இருந்தோம். மருத்துவம் உதவும் நிலை தாண்டிவிட்டது என்றதும் ஊருக்குத் திரும்பினோம். ஆகஸ்டில் ஒரு காலை, படுக்கையில் இருந்தபடி, செம்மண் மேடு தனக்கு வேண்டாம் என்றாள். எங்கே வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்ததைக் கேட்பானேன்.

அவள் இறந்த அன்று ஊர்க்கூட்டம் கூடியது. அவளைத் தீவில் வைக்க அனுமதி கேட்டேன். தலைவர் நல்ல மனிதர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஏப்ரல் வந்தால் தீவு மூழ்கிவிடும். பத்து, பதினைந்து ஆண்டில் அந்த இடமே இருக்காது. பிறகு மெழுகுவர்த்தி ஏற்ற எங்கே போவீர்கள் என்று என்னிடம் கேட்டார். தீவுக்காரன் பாடும் மண்ணில் யாரையும் வைக்காதீர்கள் என்று இந்த ஊருக்குச் சொன்னதே உங்கள் மனைவிதானே என்றும் கேட்டார். நெமேசியா சொன்னதற்கு எதிராக நெமேசியாவுக்காகப் பேச வேண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பின்வரிசையில் இருந்த ஓல்மேதோ தடியை ஊன்றி எழுந்தார்.

“அவங்க சொன்னது, பத்திரமா வைக்கிறதுக்கு எடம் தேடினப்போ. இப்ப அவங்க பத்திரத்துக்கு எடம் கேக்கல. புள்ளகிட்ட போகணும்னு கேக்குறாங்க. படகு என்னுது. நான் கொண்டுபோறேன்.”

தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தை அத்தோடு முடித்துக்கொண்டார்.

சேட்டிகோ மரங்களுக்கு நடுவே தோண்டினோம். இடுப்பளவு போனதும் தண்ணீர் ஊறியது. நாணல் தட்டிகளைக் கீழே விரித்து, அதன் மேல் பெட்டியை இறக்கினோம். மண் தள்ளிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் புதரில் பறவை பாடியது. படிக்கட்டில் இறங்கும் அதே ஓட்டம். ஓல்மேதோ நிமிர்ந்தார்.

“எது அது, வாத்தியாரே?”

“தீவுல இருக்கோம். தீவுக்காரன்தான்.”

“அது மண்ணப் பாத்துச் சொல்றது. குரலக் கேட்டுச் சொல்லுங்க.”

நான் மறுபடி காதுகொடுத்தேன். தொண்டையில் மணல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். முப்பத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லையா என்று அவர் கேட்டார். பிறகு அவரே, தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளினார்.

நவம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். தீவின் மேல்முனையிலிருந்து அவள் இருக்கும் இடம் வரை நான் நாணல் குச்சிகள் நட்டேன், அவள் செய்தது மாதிரியே, பத்தடிக்கு ஒன்று. நாற்பத்தொரு குச்சிகள். பிறகு வெள்ளம் வந்தது. மூன்று மாதம் தீவில் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

இந்த வாரம் தண்ணீர் வடிந்தது. ஓல்மேதோவுக்கு முழங்கால் வலி, தனியாகத்தான் போனேன். மேல்முனையில் முதல் ஆறு குச்சிகளுக்குரிய நிலம் இல்லை. சிலுவை சாய்ந்திருந்தது, ஆனால் இருந்தது. அவள் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் புது வண்டல் படிந்திருந்தது. மேலே எங்கேயோ யாருடைய கரையோ இடிந்து வந்த மண். சிலுவையை நிமிர்த்தி நட்டேன். மண்ணை விலக்கவில்லை.